ஒரு காலைக்கு ஒரு திசை: யாழ்ப்பாணத்துத் தலங்களுக்கு வரும் மூத்தோருக்கு

நல்லூர், மாவிட்டபுரம், கீரிமலை, நயினாதீவு, சந்நிதி, வல்லிபுரம் எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துவிட வான் பிடிப்பவர்கள் பலர். எழுபதைத் தாண்டிய உடம்புக்கு அந்தக் கணக்குச் சரிவராது. மூன்றாவது கோயிலில் கால் வீங்கியிருக்கும், மனம் சுவாமியிடம் இருக்காது. நான்கு காலை ஒதுக்குங்கள்: நல்லூருக்கு ஒன்று, வடக்கே கீரிமலைக்கு ஒன்று, சந்நிதியும் வல்லிபுரமும் உள்ள வடமராட்சிக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று. பின்னேரம் ஓய்வுக்கு.

நல்லூரில் பூசை குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடும், ஒருவருக்காகவும் பிந்தாது. கால் மணி முந்திப் போய் ஒரு தூணோரம் இடம் பிடித்தால் சாய்ந்திருக்கலாம், எழும்பும்போதும் பிடித்துக்கொள்ளலாம். ஆண்கள் மேற்சட்டை கழற்றியே உள்ளே போக வேண்டும். குளிர் தாங்காதவர்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், வெளியே வந்ததும் போர்த்துக்கொள்ளலாம். 25 நாள் மகோற்சவம் ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். அந்நாட்களில் சுற்றுவீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், தடை போட்ட இடத்திலிருந்து நடைதான். தேரன்று நெரிசலுக்குள் நிற்பதைவிட, அதற்கு முந்திய ஏதாவதொரு நாள் காலைப் பூசைக்குப் போனால் வேலவனை ஆறுதலாகக் கண்குளிரக் காணலாம்.

விரதம் பற்றி ஒன்று. நீரிழிவுக்குக் குளுசை (மாத்திரை) எடுப்பவர்களும் ஊசி போடுபவர்களும் மருந்தை வழமைபோல எடுத்துவிட்டுப் பூசை முடியும்வரை சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வரும். வெயில் மயக்கமென்று நினைத்து அருகில் இருப்பவர்கள் விசிறிக்கொண்டு நிற்பார்கள். உடனே கொடுக்க வேண்டியது சீனித் தண்ணீர். மூன்று நாலு தேக்கரண்டி சீனியை ஒரு பொட்டலமாகவும் சிறு போத்தலில் தண்ணீரும் மடியில் வைத்திருங்கள். பனங்கட்டி நல்லதுதான், ஆனால் கடித்துக் கரைய நேரமெடுக்கும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விரதம் பிடிக்கும் எண்ணமிருந்தால் மருந்தின் அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரா பூரணைக்கும் பிதிர்க்கடன் செய்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் படிகள் பாசி பிடித்து வழுக்கும். விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதல்ல, நனைந்த உடுப்பின் பாரத்தோடு ஏறும்போதுதான் விழுகிறார்கள். மேற்படியில் இருந்து செம்பால் தலையில் வார்த்தாலும் அது தீர்த்தமாடியதுதான். பிறகு அங்குள்ள சிவன் நகுலேசுவரரையும், திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தனையும் தரிசிக்கலாம்.

வடமராட்சிப் பக்கம் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில், வாயைத் துணியால் கட்டி மௌனமாகச் செய்யும் பூசையைக் காணலாம். அங்குள்ள முருகன் அன்னதானக் கந்தன் என்று பேர்பெற்றவன். அங்கே பசியோடு திரும்ப வேண்டியதில்லை. வல்லிபுரத்துப் பெருமாளான வல்லிபுர ஆழ்வாரிடம் போகும்போது மணலை நினைவில் வையுங்கள். வெயில் ஏறினால் அது சுடும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடே தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். வெளிவீதியில் பருத்திக் காலுறை போட்டு நடந்து, வாசலில் கழற்றிவிடலாம். அன்றிரவு உள்ளங்காலை ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள், கொப்புளம் இருந்தால் உடைக்கக்கூடாது. ஊன்றுகோலும் மணலில் புதையும், அதனால் ஒரு கைத்துணை வேண்டும்.

ஆகக் கவனம் வேண்டியது நாகபூசணி அம்மன் இருக்கும் நயினாதீவு. யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ், அல்லது வான், பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். படகில் ஏறமுன் துறையிலேயே மலசலகூடத்துக்குப் போய்வந்துவிடுங்கள். நீர் பெய்யும் குளுசை எடுப்பவர்கள் அன்று தாங்களாகவே அதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இதய நோயாளிக்கு அது ஆபத்து. நேரத்தை மாற்றி எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கடல் ஓட்டம் இருபது நிமிடமளவுதான், அதில் பயமில்லை. பயம் துறைக்கும் படகுக்கும் இடையிலுள்ள அந்த ஓரடியில். அலைக்குப் படகு ஏறி இறங்கும். துறையின் மட்டத்துக்கு அது உயர்ந்து வரும்போது காலை வைக்க வேண்டும், தாழும்போது வைத்தால் முழங்கால் மடிந்துவிடும். பையையும் ஊன்றுகோலையும் முதலில் உள்ளே கொடுத்துவிட்டு இரண்டு கையையும் வெறுமையாக வைத்திருங்கள். சேலைக் கொசுவத்தை உயர்த்திச் செருகுங்கள். உள்ளே இறங்கும் படி குறுகலானது, காற்றோட்டமும் குறைவு. முழங்கால் நோ உள்ளவர்கள் வாசலோரமாகவே இருக்கட்டும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. நாள் ஏற ஏறக் கடலும் ஏறும். நாகபூசணி அம்மனின் திருவிழாவும் அந்தக் காலத்திலேயே வருவதால் கூட்டமும் அலையும் சேர்ந்துகொள்ளும். நேர்த்தி எதுவும் இல்லாதவர்கள் மாசி, பங்குனியில் போனால் கடல் அடங்கிக் கிடக்கும், அம்மன் சந்நிதியில் அமைதியாக நிற்கலாம். எந்த மாதமானாலும் காலைப் படகில் போய், மத்தியானப் பூசை கண்டு, அன்னதானம் உண்டு, அந்தக் கையோடு திரும்பிவிடுங்கள். கடைசிப் படகை நம்பியிருந்தால் எல்லோரும் ஒன்றாக ஏறுவார்கள், அந்த ஓரடியில் உங்களுக்குக் கைகொடுக்க ஒருவருக்கும் நேரமிராது.