37 ஆண்டுகள் கழித்துத் திரும்பிய லட்சுமி நாராயணர்

முக்திநாத் யாத்திரை முடித்துக் காட்மாண்டு திரும்பும் தமிழ்க் குழுக்களுக்குப் பெரும்பாலும் ஒரே அட்டவணைதான். பசுபதிநாதர், புத்தநீலகண்டர், ஸ்வயம்பு. மிச்ச நேரத்துக்கு ருத்திராட்சக் கடை, சால்வைக் கடை. எங்கள் குழுவும் அப்படியே. திருமங்கையாழ்வார் பாடி மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் என்கிற அந்த முக்திநாத்தில் 108 தாரைகளிலும் நனைந்து பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவளுக்கு, சால்வைக்குப் பேரம் பேச மனம் வரவில்லை. குழுவில் இருந்த ஸ்ரீரங்கத்து மாமா, மாமியிடம் சொன்னேன். "லலித்பூரில் ஒரு லட்சுமி நாராயணர் இருக்கார், மாமி. திருடு போய்த் திரும்பி வந்தவர்." மாமி அடுத்த நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

லலித்பூரைப் பழைய பெயரில் பாடன் என்பார்கள். பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். காட்மாண்டு பள்ளத்தாக்கின் 7 இடங்களைச் சேர்த்து 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த ஊரின் அரண்மனைச் சதுக்கம் அந்த 7இல் ஒன்று. கட்டுப்பாடில்லாமல் எழும்பிய கட்டடங்களால் 2003இல் பள்ளத்தாக்கு முழுவதும் அழிவு ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது. 2007இல்தான் அதிலிருந்து மீண்டது. பட்டியலில் ஏறுவதும் இறங்குவதும் கிடக்கட்டும், 2015 ஏப்ரல் 25 நண்பகலுக்குச் சற்று முன் வந்த நிலநடுக்கம் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. நாட்டில் ஏறத்தாழ 9,000 உயிர்கள் போயின. இந்தச் சதுக்கத்தில் 1566இல் எழுந்த சார் நாராயணர் கோயிலும், பக்கத்திலிருந்த ஹரிசங்கரர் கோயிலும் பீடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சரிந்தன.

நாங்கள் போனபோது இரண்டும் மறுபடி நின்றுகொண்டிருந்தன. மாமா தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தார். தச்சு வேலை தெரிந்த குடும்பம் அவருடையது. ஒரே தூணில் பாதி கறுத்த பழைய மரம், மீதி வெளுத்த புது மரம். இடிபாட்டிலிருந்து சிற்பம் செதுக்கிய மரங்களைப் பொறுக்கி எடுத்து, அரண்மனை முற்றத்தில் அடுக்கி, எது எந்த இடத்தது என்று அடையாளம் கண்டு, உடைந்த பகுதிக்கு மட்டும் புது மரம் இணைத்திருக்கிறார்கள். செதுக்கியவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் நேவார் இனத்துச் சிற்பிகள். தொழில் கையில் இருந்ததால் கோயில் எழுந்தது. திருப்பணி தொடங்கும் முன் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்கும் க்ஷமா பூஜை செய்வது அவர்கள் வழக்கம். வெறும் கட்டட வேலையாக அவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. காட்மாண்டுவில் பிரதாப் மல்ல ராஜா 1670இல் வெட்டிய ராணிபோக்ரி குளத்தைச் சீரமைக்கிறோம் என்று கான்கிரீட்டைக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஊர் மக்கள் தெருவில் இறங்கித் தடுத்த பிறகே செங்கல்லும் களிமண்ணும் திரும்பின. மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுங்கடித்த திருப்பணிகளை நம் ஊரில் பார்த்தவளுக்கு, அந்தக் கோபம் நன்றாகவே புரிந்தது.

சதுக்கத்திலிருந்து, லட்சுமி நாராயணர் இருக்கும் பாட்கோ டோல் என்ற பகுதி நடக்கும் தூரம்தான். வழியெல்லாம் தெருவோர மூர்த்திகள். மஞ்சள் செவ்வந்தி, அட்சதை, செந்தூரம் அப்பி முகமே தெரியாத அளவுக்குப் பூஜை. காய்கறிப் பையோடு போகிற பெண், நின்று நெற்றியால் கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறாள். நடுவில் அர்ச்சகர் இல்லை, திரை இல்லை. மாமிக்கு முதலில் இது கொஞ்சம் ஆசாரக் குறைவாகத்தான் பட்டது. பிறகு அவரே குனிந்து ஒரு பிள்ளையாருக்குக் குங்குமம் இட்டார்.

இந்த எளிமைதான் திருடர்களுக்கும் வசதியாகப் போயிற்று. பழம்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று நேபாளத்தில் 1956லேயே சட்டம் உண்டு. ஆனாலும் அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் மூர்த்திகள் நூற்றுக்கணக்கில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின. பாட்கோ டோலின் லட்சுமி நாராயணர் களவு போனது 1984இல்.

அவர் திருக்கோலத்தைச் சொல்ல வேண்டும். நமக்கு லட்சுமி நாராயணர் என்றால் மடியில் தாயார் அமர்ந்த கோலம். இவர் அப்படியல்ல. அர்த்தநாரீஸ்வரர் போல ஒரே திருமேனி. வலப்பாதி பெருமாள், இடப்பாதி தாயார். வாசுதேவ கமலஜா என்று இந்த வடிவத்துக்குப் பெயர். பெருமாள் பக்கம் கருடன், தாயார் பக்கம் ஆமை. நேபாளத்தில் தாயாருக்கு ஆமைதான் வாகனம். 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட கல் திருமேனி என்கிறார்கள். பிராட்டியையும் பெருமாளையும் பிரித்து நினைக்கவே கூடாது என்று நம் ஆசாரியர்கள் எத்தனை கிரந்தம் எழுதினார்கள்! இங்கே ஒரு சிற்பி அதை ஒற்றைக் கல்லில் முடித்துவிட்டான்.

1990இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தார். வாங்கியவர் இரவலாகக் கொடுக்க, அமெரிக்காவின் டல்லாஸ் அருங்காட்சியகத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் நின்றார். விளக்கு வெளிச்சம் உண்டு, குளிர்சாதனம் உண்டு. ஒரு துளி தீர்த்தம் கிடையாது. இங்கே ஊர்க்காரர்கள் வெறும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அதே கோலத்தில் வேறொரு திருமேனி செய்து வைத்து நித்திய பூஜையைத் தொடர்ந்தார்கள்.

இதைச் சொன்னதும் மாமா நின்றுவிட்டார். "நம்ம நம்பெருமாள் கதைன்னா இது!"

ஆமாம், அதேதான். 1323இல் டில்லி சுல்தானின் படை வந்தபோது, வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர், ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு அரங்கத்தை விட்டுப் போனார். ஊர் ஊராகச் சென்ற பெருமாள் திரும்பியது 1371இல். 48 ஆண்டுகள். அதற்குள் அரங்கத்தில் வேறு உற்சவரை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். திரும்பியவர் உண்மையில் அவர்தானா? பார்வையிழந்த வண்ணார் ஒருவர், திருமஞ்சன வஸ்திரம் பிழிந்த தீர்த்தத்தை அருந்தி, மணத்தாலேயே "நம்பெருமாள்!" என்று சொன்னதாகக் கோயில் வரலாறு. இடையில் இருந்தவரை ஒதுக்கவும் இல்லை. திருவரங்க மாளிகையார் என்று இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார்.

பாட்கோ டோல் பெருமாளை அடையாளம் காட்டியது ஒரு புகைப்படம். லைன் சிங் பாங்தேல் என்ற நேபாள ஓவியர், கோயில் கோயிலாகப் போய் மூர்த்திகளைப் படம் பிடித்து, களவு போனவற்றை 1989இல் நூலாக்கினார். களவுக்கு முன் இவர் தம் இடத்தில் இருக்கும் படம் அதில் இருந்தது. அதை வைத்து 2019இல் எரின் தாம்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை பொதுவெளியில் கேள்வி எழுப்ப, விசாரணை தொடங்கி, 2021 மார்ச்சில் பெருமாள் நேபாளத் தூதரிடம் ஒப்படைக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 4, பாட்கோ டோலில் மறுபடி பிரதிஷ்டை. திருடு போன மூர்த்தி அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாமல் தன் சொந்தப் பீடத்துக்கே வந்து சேர்வது அபூர்வம்.

சின்னக் கோயில்தான். கைகூப்பி நின்றபோது மூவரும் பேசவில்லை. மாமி மெல்லிய குரலில் திருப்பல்லாண்டு தொடங்கினார். பெருமாளுக்கே காப்புப் பாடுகிற பாசுரத்தை இவர் முன்னால் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கோயில் திருமேனியாக இருக்கும் அர்ச்சாவதாரத்தில் பெருமாள் நீராட, உண்ண, உறங்க எல்லாவற்றுக்கும் அடியார் கையை எதிர்பார்த்து இருக்கிறார் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அப்படி இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதுதானே.

வெளியே வந்ததும் மாமா கேட்டார். "பத்திரமா ஒரு மியூசியத்துல வெச்சிருக்கலாமோ? மறுபடி போயிட்டா?" நியாயமான கேள்வி. பள்ளத்தாக்கில் பல கோயில்களில் இப்போது மூர்த்திகளுக்கு முன்னால் இரும்புக் கம்பி. நம் ஊர் நிலையும் தெரிந்ததுதான். களவு போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். ஆனாலும் இப்படி மீண்ட திருமேனிகளும் காவலுக்காக எடுத்துவந்த திருமேனிகளுமாக எத்தனையோ, பாதுகாப்பு மையங்களில் அடுக்கடுக்காக நிற்கின்றன. என்னைக் கேட்டால் பாட்கோ டோல்காரர்கள் செய்ததுதான் சரி. தினம் நாலு பேர் விளக்கேற்றும் இடத்தில் ஒருவர் குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். பூட்டிய அறையில் தெரிய எத்தனை நாளாகும்?

அந்த நாலு பேருக்கு இங்கே குத்தி என்று ஓர் அமைப்பு உண்டு. நம் தேவதான நிலம் போலப் பழைய மானியங்கள். அந்த வருமானத்தில் பூஜை, விழா, பழுதுபார்ப்பு எல்லாம் குடும்பங்களுக்குப் பங்கிட்ட கடமை. 2019இல் குத்திகளை அரசு அமைப்பின் கீழ் கொண்டுவரும் மசோதா வந்தபோது காட்மாண்டு தெருக்கள் நிரம்பி வழிந்தன. மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள்.

மாலையில், பள்ளத்தாக்கின் இன்னொரு பழைய பெருமாள் கோயிலான சாங்கு நாராயணர் குன்று ஏறினோம். மூலவரை அர்ச்சகர் மட்டுமே கிட்டே போய்ச் சேவிக்கலாம். எங்களுக்கு வாசல் தரிசனம். வெளியே திருச்சுற்றில் மண்டியிட்ட கருடாழ்வார், உலகளந்த பெருமாள், நேபாளத்துப் பத்து ரூபாய் நோட்டில் வரும், கருடன் மேல் அமர்ந்த கருடாரூடர். மானதேவ மன்னர் கி.பி. 464இல் நிறுவிய தூணில் கல்வெட்டு இருக்கிறது. தந்தை இறந்ததும் உடன்கட்டை ஏறத் துணிந்த தாய் ராஜ்யவதியை மகன் தடுத்த செய்தி அதில் உண்டு என்று சொன்னதும் மாமி அந்தத் தூணுக்கும் ஒரு நமஸ்காரம் செய்தார்.

முக்திநாத் போகிறவர்கள் ஏஜென்டிடம் முன்பே சொல்லிவையுங்கள்; பாடனும் சாங்குவும் சேர்த்து ஒரு முழு நாள் வேண்டும். சதுக்கத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, இந்தியர்களுக்குச் சார்க் நாட்டுச் சலுகை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பாட்கோ டோலுக்குக் காலையிலேயே போவது நல்லது. பூ அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.