சோளகத்தில் கரைக்கு வரும் வழி

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னிடம் கேட்டது இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை. எழுதத் தொடங்கியும் இருந்தேன். அதற்குள் சேர் காலமான செய்தி வந்துவிட்டது. எந்த சேர் என்று, எண்பதுகளின் தொடக்கத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளை நஷனல் சட்டை. சைக்கிள் கரியரில் பழைய ரியூப் வாரால் கட்டிய நீட்டு மரமட்டம். வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக வடக்குப் பக்க யன்னலைத் திறப்பார். அந்த யன்னலுக்கு வெளியே இருந்துதான் எங்கள் பிரயோக கணிதம் தொடங்கும்.

செய்தி வந்தது ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. அன்றும் மறுநாளும் எங்கள் கிளப்பின் இலையுதிர்காலப் பாய்ப்படகுப் போட்டி. இந்த முறை வேண்டாம், வீட்டிலேயே இருப்போம் என்றேன். என்னோடு படகில் வருபவள் என் மகள். "அவரிட்டப் படிச்சதைத்தானே அப்பா நீங்கள் அங்க செய்யிறீங்கள்" என்றாள். போனோம்.

லண்டனில் வெம்பிளி, கிங்ஸ்பரி, ஹெண்டன் பக்கத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு வெல்ஷ் ஹார்ப் தெரிந்திருக்கும். நோர்த் சேர்க்குலர் வீதியின் நெரிசலில் இருந்து கொஞ்சம் வடக்கே போனால் போதும். கால்வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 1830களில் பிரெண்ட் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. நாங்கள் ஓட்டுவது என்டர்பிரைஸ் வகைப் படகு. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. இரண்டு பேர் ஓட்டுவது. பாய் நீல நிறம். சின்னப் படகுதான். ஆனால் காற்றைப் பற்றி ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் அது கேட்கும்.

சனிக்கிழமை காலை தென்மேற்குக் காற்று. 14 நொட் (மணிக்கு 14 கடல்மைல்), இடையிடையே 24 வரை என்றது முன்னறிவிப்பு. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும். நான்கில் இரண்டாவது கொடி. ஒரு நிமிடம் இருக்கையில் இரண்டாவது இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கடைசி நிமிடத்தில் எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் நெருங்கி நிற்க, பாய்கள் படபடவென்று அடிக்க, யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது.

படகுகள் சுற்றி வர வேண்டிய முதல் மிதவைக் குறியைக் காற்று வரும் திசையில்தான் வைப்பார்கள். எந்தப் பாய்ப்படகும் காற்றின் முகத்துக்கு நேரே போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, பாயை மாற்றி, மறுபக்கம் ஓடி, இப்படி மாறி மாறித்தான் ஏற வேண்டும். இந்தப் பாடத்தை நான் இங்கிலாந்தில் படிக்கவில்லை.

1982, ஆடி மாதம். யாழ்ப்பாணத்து வடகரையில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம். வகுப்பில் விசைகளின் துணிப்பு, அதாவது ஒரு விசையைக் கூறுகளாகப் பிரிப்பது, நடந்துகொண்டிருந்தது. சேர் கரும்பலகையில் கிடையாக ஒரு கோடு போட்டு, கீழே கரை, மேலே கடல் என்றார். கரையில் இருந்து கடலுக்கு ஒரு அம்புக்குறி. "வள்ளம் வெளியில நிக்குது. காற்று தரையில இருந்து அடிக்குது. எஞ்சின் இல்லை. ஆள் எப்பிடி வீட்டுக்கு வாறது?"

முன் வாங்கில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. துடுப்புப் போட வேண்டும் என்றான் ஒருவன். சேர் தலையாட்டிவிட்டு நேரே பின் வாங்குக்கு நடந்தார். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் பின் வாங்கில் இருப்பது அந்தக் காலத்து வழக்கம். அதை யாரும் கட்டளையாகச் சொன்னதில்லை, யாரும் மாற்றியதுமில்லை.

"தம்பி, அப்பா நேற்று எப்பிடிக் கரைக்கு வந்தவர்? வந்து கீறிக் காட்டும்."

அவன் எழும்பி வருவதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது. வெண்கட்டியை வாங்கினான். முதலில் ஒரு வள்ளம் கீறினான், முன்பக்க அணியத்தின் வளைவு பிசகாமல். பிறகு அதிலிருந்து சரிவாக ஒரு நீட்டுக் கோடு. திரும்பிக் கட்டையாக இன்னொன்று. மறுபடி நீட்டு, மறுபடி கட்டை. நடுவில் நிறுத்தி, கோடு திரும்பும் இடத்தில் விரலை வைத்து, "இதில நிண்டு பாத்தா வெளிச்சவீடு தெரியும் சேர். அப்பத்தான் பாயை மாத்திறது" என்றான். இன்னும் கொஞ்சம் துணிவு வந்து, "பக்கத்தில பலகை இறக்க வேணும். இல்லாட்டி வள்ளம் பக்கப்பாட்டில இழுபட்டுப் போயிடும்" என்றான்.

சேர் அவனுடைய கோடுகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. அவற்றின் மேலேயே அம்புக்குறிகளைப் போட்டார். பாயில் விழும் விசையை இரண்டு கூறாக்கினார். ஒன்று முன்னுக்கு, மற்றது பக்கத்துக்கு. பக்கத்துக்குத் தள்ளும் கூறை, தண்ணீருக்குள் இறக்கிய பலகை தாங்கிக்கொள்ளும். மிஞ்சுவது முன்னுக்குப் போகும் கூறு. "இவற்ற அப்பா ஒவ்வொரு நாளும் செய்யிற கணக்கு இது. இனி இவர் கீறினதுக்கு நீங்கள் சமன்பாடு எழுதுங்கோ."

அந்தப் படம் அடுத்த பாடத்திலும் பலகையில் இருந்தது. இரசாயனவியல் ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, மிஞ்சிய பாதியில் எழுதினார். மறுநாள் அவன் இரண்டாம் வாங்குக்கு வந்தான். சேர் சொல்லி அல்ல. நாங்கள் ஒதுங்கி இடம் விட்டோம், அவன் வந்து இருந்தான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில், கடைசி மணி அடித்ததும், சேரின் சைக்கிளுக்குப் பின்னால் பருத்தித்துறைப் பக்கத்துச் சக்கோட்டை முனைக்குப் போவது வழக்கமானது. போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் எங்களை அதிகம் கூட்டிப்போனது ஐப்பசியில். சோளகம் விழுந்து, வடகிழக்கு வாடை இன்னும் எழும்பாத இடைக்காலம். ஒரே பின்னேரத்தில் காற்று எல்லாப் பக்கத்தாலும் வரும், பிறகு இடியோடு மழை வரும். நிலையான காற்றில் யாரும் கற்றுக்கொள்ளலாம், இதில் பாருங்கோ என்பார். முகத்தில் படும் காற்று வந்துவிட்ட காற்று, அதனால் பயனில்லை. தூரத்தில் தண்ணீர் எங்கே கறுக்கிறது என்று பார்க்க வேண்டும், வரப்போகும் காற்று அங்கே இருக்கிறது என்று சொல்லித் தந்தார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்ற கதையையும் அங்கேதான் கேட்டோம். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். படகைக் கட்டிய கைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சான்றிதழ் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை.

1983 ஐப்பசியில் ஒரு வாக்குத் தந்தார். வாடை முடியட்டும், பங்குனியில் கடல் அடங்கினதும் வள்ளத்தில் பாய் கட்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறன் என்றார். ஆனால் அந்த வருடம் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில் நடந்த பேச்செல்லாம் வேறு. தை மாதம் என்னை விமானம் ஏற்றினார்கள். பட்டம் ஏற்றுகிற காலம். வாடை நன்றாகப் பிடித்திருந்தது. அந்தப் பங்குனியில் நான் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். கொஞ்சக் காலத்தில் வடக்கில் கடலுக்கு இறங்கவே தடை வந்தது. இத்தனை வருடம் வெல்ஷ் ஹார்ப்பில் பாய் கட்டியிருக்கிறேன். பிறந்த ஊர்க் கடலில் ஒருமுறையேனும் பாய் கட்டிப் போனதில்லை. இதை எழுதும்போதும் அது எனக்கு வலிக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாவது ஓட்டத்தின் இரண்டாம் சுற்று. கிளப் வீட்டுப் பக்கம் இருந்து பார்த்தால் தென்மேற்கே வெம்பிளி அரங்கின் வளைவு தெரியும். குறியைச் சுற்றித் திரும்பும்போது பார்க்கிறேன், வளைவின் மேல்பாதியைக் காணவில்லை. மழைத்திரை. குளிர்முகம் ஒன்று, குளிர்ந்த காற்றுத்திரளின் முன் எல்லை, வருகிறது. இந்த நாட்டில் அது கடந்து போகும்போது தென்மேற்குக் காற்று மேற்காகி, வடமேற்காகத் திரும்பும். அதாவது காற்றைப் பார்த்து நிற்பவனுக்கு வலது கைப் பக்கம் போகும். முன்னால் போன படகுகள் பலமான காற்று கிடைத்த இடது பக்கமே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் போக நினைத்தது வலது, காற்று திரும்பப்போகும் பக்கம், கிங்ஸ்பரிக் கரை. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கத்துக் காற்றில், அதாவது காற்று படகின் இடப்பக்கத்தில் பட, ஓட வேண்டும். அப்படி ஓடுகிறவன், வலப்பக்கத்துக் காற்றில் வருகிற எல்லாப் படகுக்கும் வழி விட வேண்டும் என்பது விதி. இரண்டு படகுகளுக்கு வழி விட்டு, அவற்றின் பின்னால் நுழைந்து போனோம். மகள் ஒன்றும் கேட்கவில்லை. முன்பாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேற்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கறுக்குது" என்றாள்.

தண்ணீர் கறுத்து, கறுப்பின் மேல் மழை வெள்ளையாக விழுந்துகொண்டு வந்தது. படகின் முகம் தானாகவே வலதுக்குத் தள்ளுப்பட்டது. அதே கணத்தில் பாயை மாற்றினோம். திரும்பிப் பார்த்தால் குறி நேரே முன்னால் நின்றது. இன்னொரு முறை திரும்பத் தேவை இருக்கவில்லை. கைகள் விறைத்துக் கயிறு வழுக்கியது. இடது பக்கம் போனவர்களில் இரண்டு படகுகள் கவிழ்ந்து, ஆட்கள் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். காப்புப் படகு அவர்களிடம் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவதாக முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேறு உலகம். காலையில் மெல்லிய வடமேற்கு, மரங்களுக்குள்ளால் வந்து ஓரிடத்தில் இருக்கும், பத்து மீற்றர் தள்ளி இருக்காது. பின்னேரம் வடகிழக்காகத் திரும்பி, ஹெண்டன் பக்கத்துப் புதிய அடுக்குமாடிகளில் பட்டு உடைந்து உடைந்து வந்தது. கடைசி ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை காலை எனக்குத் தொலைபேசி எடுத்தது, அன்று கரும்பலகையில் கீறியவன். ஊரிலேயே இருக்கிறான். பொறியியல் படித்திருக்க வேண்டியவன் என்று சேர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தகப்பனின் வள்ளம் இப்போது இல்லை. பைபர் படகும் வெளியே பூட்டும் எஞ்சினும்தான். சேருக்கு வாரத்துக்கு ஒருமுறை மீன் கொண்டுபோய்க் கொடுத்து, விறாந்தையில் இருந்து கதைத்துவிட்டு வருவான். நாங்கள் எல்லோரும் எங்கெங்கோ போனோம். அந்த விறாந்தைக்குப் போய் இருந்தவன் அவன். ஞாயிறு இரவு நான் திரும்ப எடுத்தேன். செத்தவீட்டில் கூட்டம் எப்படி, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் சொன்னான். பிறகு, "உங்கை என்ன காத்தடா?" என்று கேட்டான். இரண்டு நாள் காற்றையும் சொன்னேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்: "மழை வாறதுக்கு எவ்வளவு முன்னால திரும்பினனி?" எங்கள் வகுப்பில் அப்படிக் கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

கடலுக்கு இத்தனை கிட்ட ஒரு பள்ளிக்கூடம். அங்கே இன்று படிக்கும் பிள்ளைகளில் பாயைக் கையால் பிடித்துப் பார்த்தவர்கள் இல்லை என்று அவன் சொல்கிறான். பைபர் படகு கட்டுகிறவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். இங்கிருந்து கப்பலில் ஏற்றத் தேவையில்லை. சேரின் பெயரில் இரண்டு சிறிய பாய்ப்படகுகள், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கிகள், பிரயோக கணித வகுப்புக்கு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சொல்லிக்கொடுக்க அவன் சம்மதித்துவிட்டான். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முன்வைக்கிறேன். என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்தாகிவிட்டது. சேரிடம் படித்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், கூட்டத்துக்கு முன் எனக்கோ செயலாளருக்கோ ஒரு வரி எழுதுங்கள்.