ஒற்றைப் படலக் குறைகடத்தியும் என் வாய்மொழிப் பரீட்சையும்

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு: மொலிப்டினம் இருசல்பைட்டு என்ற குறைகடத்தியின் ஒற்றைப் படலம் (சில அணுக்களே தடிப்புள்ள ஒரே அடுக்கு) வேறு பொருளோடு சேரும்போது அதன் ஒளிர்வு எப்படி மாறுகிறது? திருகோணமலையில் எங்கள் வீட்டிலிருந்து டச்சு பே கடற்கரை கொஞ்ச நடைதான். பின்னேரங்களில் கொப்பியோடு அங்கே இருந்து இலக்கங்களைப் பாடமாக்கினேன். பல படலங்கள் அடுக்கிய திண்மத்தில் பட்டை இடைவெளி (இலத்திரன் மேல் பட்டைக்குத் தாவத் தேவையான சக்தி) சுமார் 1.3 இலத்திரன் வோல்ட், மறைமுகமானது; அதாவது மேலே போன இலத்திரன் நேரே கீழே இறங்கி ஒளி தருவது கடினம். ஒற்றைப் படலத்தில் நேரடியானது; 1.85 அளவில் நன்றாக ஒளிரும். 2010இல்தான் இது வெளிவந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் சேர் கேட்டார்: “இதைக் கிராபீன், அதுதான் ஒற்றை அணுத் தடிப்புக் காபன் படலம், அதுக்கு மேல வைச்சா ஒளிர்வு மங்குதே, ஏன்?”

“கிராபீன் ஒளியை உறிஞ்சுது, சேர்.”

“எத்தனை வீதம் உறிஞ்சும்? சொல்லும்.”

2.3 வீதம். சொல்லும்போதே பிழை விளங்கிவிட்டது. நூறில் இரண்டு பங்கை விழுங்கும் படலம் எப்படி ஒளிர்வின் பெரும்பகுதியை மறைக்கும்?

சேர் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளிவிட்டு, “பட்டைகளை வரையும்” என்றார். வரைந்தேன். ஒளி பட்டதும் இலத்திரன் மேலே போகிறது, கீழே அது விட்டுப்போன வெற்றிடமான துளை மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து எக்ஸிட்டானாக நிற்கின்றன. அவை திரும்பச் சேர்ந்தால்தான் ஒளி வரும். கிராபீனுக்கோ பட்டை இடைவெளியே கிடையாது. சோடி சேருமுன்பே ஏற்றமோ சக்தியோ அதற்குள் இறங்கிவிடுகிறது. அங்கே ஒளி பிறக்கவே இல்லை!

அதனால் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் இலக்கங்களைத் தொடுமுன் இரு பொருட்களின் பட்டை விளிம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். அப்புறம் இலத்திரன் எங்கே போகும், துளை எங்கே போகும் என்று விரலால் தொடருங்கள். அறுகோணப் போரன் நைத்திரைட்டு என்றால் இடைவெளி சுமார் 6 இலத்திரன் வோல்ட். இரண்டுக்கும் அங்கே வழியில்லை. அதன் தட்டையான இரு படலங்களுக்கு நடுவே பொதிந்தால் ஒளிர்வுக் கோடு இன்னும் கூர்மையாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது டங்ஸ்டன் இருசெலனைட்டும் மொலிப்டினம் இருசெலனைட்டும் சேரும் அடுக்கு. இலத்திரன் மொலிப்டினம் பக்கம், துளை டங்ஸ்டன் பக்கம். பிரிந்து நின்றும் பிணைந்திருப்பதால், இரண்டு படலங்களும் தனித்தனியே தருவதைவிடக் குறைந்த சக்தியில், சுமார் 1.35 இலத்திரன் வோல்ட்டில், புதிய ஒளிர்வு வரும். அலைநீளம் காண 1240ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 918 நனோமீற்றர். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் சிவப்பு ஒளி என்று எழுதிவிடாதீர்கள்.