வடக்கு ரூட்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி டீப் என்று ஓர் இடம். கடல் அங்கிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அது துறைமுகம்தான். டர்பனில் கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலிலும் லாரியிலும் அங்கே வந்துதான் பிரிந்து போகும். தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டில் தொழில் பழகிய எனக்கு அந்தப் புழுதியும் டீசல் வாடையும் புதிதில்லை. ரூட்தான் புதிது. வடக்கே என்-1 சாலையில் போய் பெய்ட்பிரிட்ஜில் லிம்போபோ ஆற்றைத் தாண்டினால் ஜிம்பாப்வே. சிருண்டுவில் சாம்பசி ஆற்றைத் தாண்டினால் சாம்பியா. அதன்பின் லுசாகா, செம்புச் சுரங்க ஊர்கள், கசும்பலேசா எல்லை, காங்கோ. போகும்போது சுரங்க இயந்திரமும் ரசாயனமும் மளிகையும்; திரும்பும்போது செப்புத் தகடு.

ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. திரையில் லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வண்டி எல்லையில் எத்தனை மணி நேரமாக நிற்கிறது, எது தேவையில்லாத இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, யாருக்கு அடுத்த லோடு என்று கணக்கு வைத்து டிரிப் ஷீட் போட வேண்டும். வடக்கு ரூட்டில் ஓடியவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வேக்காரர்கள். சாம்பியா, மலாவி ஆட்களும் உண்டு. டர்பன் ரூட்டான என்-3 சாலையில் உள்ளூர்க்காரர்கள் அதிகம். ஆனால் இந்தப் பிரிவினை காகிதத்தில்தான். ஆள் குறைந்தால் யார் கிடைக்கிறார்களோ அவர்களை அனுப்புவோம்.

என்-3 சாலையில் மூய் ரிவர் என்று ஒரு சுங்கச்சாவடி வரும். 2018 ஏப்ரலில் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட லாரிகள் எரிந்தன. வெளிநாட்டு டிரைவர்களை வேலைக்கு வைக்காதே என்பதுதான் கோரிக்கை. அதற்குப் பிறகு அது அடிக்கடி நடக்கிற காரியம் ஆகிவிட்டது. 2018 மார்ச்சிலிருந்து ஒன்றரை ஆண்டுகளில் 200 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு டிரைவர்கள் என்று சரக்குப் போக்குவரத்து சங்கத்தின் கணக்கை வைத்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. எங்கள் ஜிம்பாப்வே டிரைவர் ஒருவர், கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டிருக்கும் தன் நாட்டுச் சின்னக் கொடியை டர்பன் டிரிப் என்றால் யார்டிலேயே கழற்றி, சாக்ஸுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். பாஸ்போர்ட் இருக்கைக்கு அடியில் போய்விடும். வழிமறித்துப் பேச்சுக் கொடுத்தால் சமாளிக்க வேண்டுமே என்று உள்ளூர் மொழியான சூலுவில் வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். வண்டி பிரேக்கைச் சோதிப்பதுபோல அதுவும் அவருக்குக் கிளம்புமுன் செய்கிற வேலைகளில் ஒன்று.

யார்டில் வயதில் மூத்தவர்களை எல்லாரும் ‘மதாலா’ என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் மதாலா என்று கூப்பிட்ட சாம்பியாக்காரர் ஒருவர் இருந்தார், அறுபதை நெருங்கியவர். 2021 ஜூலை 7 அன்று கென்னத் கவுண்டாவை லுசாகாவில் அடக்கம் செய்ததை கேன்டீன் டிவியில் காட்டினார்கள். சாம்பியாவின் முதல் ஜனாதிபதி, 97 வயது வாழ்ந்தவர். மதாலா தட்டில் இருந்த பாப் என்கிற சோளக்களியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். கவுண்டாவைப் பற்றி அல்ல, தன் அப்பாவைப் பற்றி.

அவருடைய அப்பாவும் லாரி டிரைவர். 1965 நவம்பரில், இன்றைய ஜிம்பாப்வேயான ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தபோது, அந்த நாட்டின் வழியாக வந்துகொண்டிருந்த எண்ணெய் சாம்பியாவுக்கு நின்றுபோனது. நிலத்தால் சூழப்பட்ட நாடு. எண்ணெய் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக லாரியில் வர வேண்டியதாயிற்று. அப்போது அது தார்ச் சாலைகூட இல்லை, மழை பெய்தால் சேறு. டிரைவர்கள் அந்த ஓட்டத்துக்கு ‘நரக ஓட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். “அப்பா திரும்பி வரும்போது வண்டியில் லோடு இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டோம். ஆள் வந்துவிட்டாரா என்றுதான் பார்ப்போம், பாஸ்” என்றார் மதாலா.

இந்தக் கதையை நான் அதுவரை அரசியலாகத்தான் படித்திருந்தேன். என் தொழில்காரனின் வாயிலிருந்து கேட்டபோது அதன் கணக்கு புரிந்தது. 1973 ஜனவரியில் ரொடீசியா எல்லையை மூடியது. கொஞ்ச நாளில் திறக்கிறேன் என்று அதுவே சொன்னபோது, விடுதலை இயக்கங்களின் பக்கம் நின்ற கவுண்டா வேண்டாம் என்றார். எல்லை 1978 வரை மூடியே கிடந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு டன் செம்பை வெளியே அனுப்பவும் ஒரு மூட்டை உரத்தை உள்ளே கொண்டுவரவும் சாம்பியா என்ன கொடுத்திருக்கும்? டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம், டிரான்சிட் செலவு, காத்திருப்பு நேரம் என்று நாள்தோறும் கூட்டிக் கழிக்கிறவனுக்கு அந்த முடிவின் கனம் தெரியும். சீனாவின் வட்டியில்லாக் கடனில் தார் எஸ் சலாமுக்கு 1,860 கிலோமீட்டர் டாசாரா ரயில்பாதை போட்டார்கள், 1975-ல் முடிந்தது. ஆனாலும் துறைமுகத்தில் நெரிசல், வேகன் தட்டுப்பாடு. கடைசியில் உரம் வந்து சேராமல் சோள விதைப்பே கெட்டுவிடும் என்ற நிலையில்தான் 1978-ல் தெற்குப் பாதையைத் திறந்தார்கள்.

பணம் மட்டும் போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் இனவெறி அரசை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைமையகம் லுசாகாவில் இருந்தது. அதன் தலைவர் ஆலிவர் தாம்போ அங்கிருந்துதான் இயக்கத்தை நடத்தினார். 1986 மே 19 அன்று தென்னாப்பிரிக்க ராணுவம் ஒரே நாளில் லுசாகா, ஜிம்பாப்வேயின் ஹராரே, போட்ஸ்வானாவின் காபரோனி மூன்று இடங்களிலும் தாக்கியது. 1982 டிசம்பரில் லெசோத்தோவின் தலைநகர் மசேருவில் புகுந்து 42 பேரைக் கொன்றார்கள், அதில் 12 பேர் அந்த நாட்டு மக்கள். மொசாம்பிக்கின் மடோலாவில் 1981-ல். விருந்தாளி வீட்டில் இருந்த குற்றத்துக்கு வீட்டுக்காரனும் செத்தான். தொலைவில் இருந்த நைஜீரியா, இனவெறி அரசுக்கு எதிரான நடவடிக்கையாக, 1979-ல் பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் சொத்தைத் தேசியமயமாக்கியது. அரசு ஊழியர்களும் மாணவர்களும் தென்னாப்பிரிக்க நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தார்கள்.

கவுண்டா அடக்கமான இரண்டாவது நாள், ஜூலை 9 இரவு, மூய் ரிவரில் மறுபடியும் லாரிகள் எரிந்தன. இதைச் சேர்த்துச் சொல்லும்போது கவனம் வேண்டும். அந்தக் கலவரம் முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதால் கிளம்பியது. வெளிநாட்டவர் எதிர்ப்பு அதன் வேர் அல்ல. ஆனால் திரையில் அந்தச் சாலையில் நின்றுபோன புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும், போனில் கிசுகிசுத்த டிரைவர்களுக்கும் அந்த வித்தியாசத்தை யோசிக்க நேரம் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, விளக்கைப் போடாமல், பெட்ரோல் பங்க் பின்னால் படுத்திரு என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

‘அண்டை நாடுகள் இவ்வளவு செய்தும் தென்னாப்பிரிக்கர்கள் நன்றி மறந்துவிட்டார்களே’ என்று இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். லாகோஸ் டிவியும் ஹராரே பத்திரிகைகளும் ஒவ்வொரு கலவரத்தின்போதும் அதைத்தான் சொல்கின்றன. நானும் ஒருநாள் எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் அப்படியே கேட்டேன். அவர் சொவெட்டோக்காரர், டர்பன் ரூட் டிரைவர், வெளிநாட்டு டிரைவர்கள் விஷயத்தில் கடுமையாகப் பேசுகிறவர். சிரித்துவிட்டார். “எனக்கு வரலாறு சொல்லித் தருகிறாயா? என் பெரியப்பா 1976 சொவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடியவர். மசிம்புவில் படித்தவர்.” மசிம்பு என்பது தான்சானியாவில் மொரோகோரோ பக்கம், நாடு கடந்து வந்த மாணவர்களுக்காக அந்த அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளி. “தான்சானியாக்காரன் நிலம் கொடுத்தான், சோறு போட்டான். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் பிற்பாடு மந்திரி, தூதர். எல்லையைத் தாண்டி வருகிறவன் குடிசை போட அவர்கள் தெருவுக்கா போகிறான்? என் தெருவுக்கு வருகிறான். என் வேலைக்கு வருகிறான். கடன் வாங்கினது யாரோ, வசூல் என்னிடமா?”

அவர் ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. லுசாகாவிலும் மொரோகோரோவிலும் வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர். உள்ளூரிலேயே இருந்த கோடிக்கணக்கான மக்கள் மொசாம்பிக்காரனையும் மலாவிக்காரனையும் வேறு இடத்தில் பார்த்தார்கள்: தங்கச் சுரங்கத்தில். சுரங்க முதலாளிகள் நூறு ஆண்டுக்கு மேலாக வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து, காம்பவுண்டுக்குள் அடைத்துவைத்து, கூலியைக் கீழேயே வைத்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கத்தின் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். பக்கத்து நாட்டுக்காரன் என்றால் குறைந்த கூலிக்கு வருகிறவன் என்று பதிந்தது அங்கேதான்.

அதே வழக்கம் எங்கள் யார்டிலும் தொடர்ந்தது. பாதி லோடு சப்-கான்ட்ராக்ட் லாரிகளில் போகும். உள்ளூர் டிரைவருக்கு, முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேசி முடிவெடுக்கும் பார்கெயினிங் கவுன்சில் நிர்ணயித்த சம்பளம், ஓவர்டைம், இரவுப் படி, பி.எஃப். பிடித்தம். எல்லை தாண்டி வந்தவருக்கு டிரிப் கணக்கு மட்டும். வண்டி பெய்ட்பிரிட்ஜில் மூன்று நாள் நின்றால் அந்த மூன்று நாளும் அவருடைய தலையில். இரண்டு கணக்கும் என் எக்செல் ஷீட்டில் அடுத்தடுத்த நெடுவரிசையில் இருந்தன. சாலையில் டயரைக் கொளுத்துகிறவனுக்கு அந்த ஷீட் தெரியாது. ஆனால் அவன் வாசலில் நின்று வேலை கேட்டபோது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை அதில் இருந்தது. வேலை செய்யத் தயாராக இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாடு அது.

அதற்காக, ஏழையின் கோபம் என்று எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் தொடங்கிய வெறியாட்டத்தில் 62 பேர் செத்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள். முழங்கைக்கு சூலு மொழியில் என்ன என்று கேட்டு, தடுமாறியவர்களை வெளிநாட்டவர் என்று முடிவு கட்டினார்கள். வடக்கு எல்லையோரத்து வெண்டா, சோங்கா மக்களும் அதில் மாட்டினார்கள். கறுப்பினத்தவரைச் சொந்த ஊரிலேயே அந்நியராக்கி பாஸ் என்கிற அனுமதிச் சீட்டைக் கேட்டது பழைய இனவெறி அரசு. இப்போது கேட்பவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதாலாவோடு நடந்த பேச்சு பிறகு ஒருநாள் 2016-க்கு வந்து நின்றது. அந்த ஏப்ரலில் லுசாகாவிலேயே, அகதிகளுக்கு இடம் கொடுத்த அதே நகரத்தில், வதந்தியை நம்பி ருவாண்டாக்காரர்களின் கடைகளைச் சூறையாடினார்கள். கானா 1969-ல் நைஜீரியர்களை விரட்டியது. நைஜீரியா 1983-ல் கானாக்காரர்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. பழைய ஒற்றுமையிலும் ஓட்டை உண்டு: 1984-ல் மொசாம்பிக், அடி தாங்காமல், இன்கோமாட்டி ஆற்றங்கரையில் தென்னாப்பிரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆட்களை வெளியேற்றியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

என்னிடம் இத்தனை ஆண்டுகளில் யாரும் தெருவில் அடையாளப் பேப்பர் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு “டர்பனா?” என்று கேட்பார்கள். 1860-ல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வாரிசு என்று நினைத்துக்கொள்வார்கள். வொர்க் பெர்மிட்டில் வந்த நான்தான் அந்த அறையில் சுத்தமான வெளிநாட்டவன். அசல் டர்பன் தமிழர் ஒருவர் கணக்குப் பிரிவில் இருந்தார், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், அப்பா இனவெறி எதிர்ப்பில் சிறைக்குப் போனவர். ‘எல்லாரையும் திருப்பி அனுப்பு’ என்கிற வாட்ஸ்அப் வீடியோக்கள் அலுவலகக் குழுவில் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும். கேட்டால், “உன்னைச் சொல்லலப்பா” என்பார்.

2025-ல் இந்த வெளிநாட்டவர் எதிர்ப்பு சாலையை விட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. ஆபரேஷன் துதுலா, மார்ச் அண்ட் மார்ச் என்கிற அமைப்புகளின் ஆட்கள் அரசு கிளினிக் வாசல்களில் நின்று அடையாள அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கொடியைச் சாக்ஸில் சுருட்டுகிற அந்த டிரைவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரைக்கு இரண்டு மாதம் கிளினிக்குப் போக முடியவில்லை. அழுத்தம் ஏறினால் மெடிக்கலில் ஃபிட் கிடைக்காது, ஃபிட் இல்லாவிட்டால் டிரைவர் பெர்மிட் புதுப்பிக்க முடியாது, நான் லோடு போட முடியாது. யார்டில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தனியார் கடையில் மாத்திரை வாங்கினோம். அந்தத் தொழிற்சங்கப் பிரதிநிதியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவன் டர்பன் ரூட்டில் வரக்கூடாது என்பதில் தனக்கு மாற்றமில்லை என்றும் சொன்னார். நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம், பேப்பர் கேட்கும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் போலீசுக்கும் மட்டுமே என்று துதுலாவுக்குத் தடை போட்டது.

இப்போது யார்டில் டிரைவர் மாற்றும் முறை வந்துவிட்டது. டர்பனிலிருந்து வரும் வண்டியை உள்ளூர்க்காரர் சிட்டி டீப் வரை ஓட்டுவார்; அங்கே சாவியை வாங்கிக்கொண்டு வடக்கே ஜிம்பாப்வேக்காரர் போவார். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கில் சம்பளம் கொடு என்று தொழிற்சங்கம் கொடுத்த கடிதம் ஆபரேஷன்ஸ் மேனேஜர் மேஜையில் இருக்கிறது. ஜிம்பாப்வேக்காரர்களில் பலரிடம் இருப்பது 2009-ல் தொடங்கிய சிறப்பு பெர்மிட்டின் நீட்சி. நாடு முழுக்க சுமார் 1,78,000 பேரிடம் அது உண்டு. கடைசி நீட்டிப்பு 2027 மே 28 வரை. அதற்குப் பிறகு ரோஸ்டரில் தங்கள் பெயர் இருக்குமா என்று அவர்கள் கன்ட்ரோல் ரூமில் வந்து கேட்கிறார்கள். நான் மே மாதம் வரைக்கும் போட்டுவைத்திருக்கிறேன்.