பழைய டில்லரும் பதம் பார்க்காத நானும்

ராமநாதபுரம் கடற்கரை என்றால் மணலும் பனையும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். திருப்பாலைக்குடிக்கு மேற்கே எங்களுக்கு இருக்கிற அறுபது சென்ட்டை வந்து பார்க்க வேண்டும். சுத்தக் களிமண். வெயிலில் வெடித்தால் வெடிப்புக்குள் கை போகும், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும், போதாததற்குக் கடலோர உப்பு வேறு.

இதில் முண்டு மிளகாய் போடலாம் என்று (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே மிளகாய்தான்) ஒரு பழைய பவர் டில்லர் வாங்கினேன், பின்னால் நடந்தபடியே ஓட்டுகிற, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறுகிற உழவு வண்டி. தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றுழவு ஓட்டிய வண்டி. பெயிண்ட் உரிந்து பேர்கூடத் தெரியாது. ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின், ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டியதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறானே என்று வீட்டில் பேச்சு. பெல்ட்டும் கியர் ஆயிலும் மாற்றியதும் நன்றாகவே ஓடியது.

ஆவணியில் காய்ந்த மண்ணில் இறக்கினேன். பிளேடு மண்ணில் இறங்கவே இல்லை. இறங்காத பிளேடு சக்கரம் மாதிரி உருளும், வண்டி குதித்துக் குதித்து முன்னால் ஓடும், பின்னால் தொங்கிக்கொண்டு நாமும் ஓட வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு பிளேடு போல்ட் முறிந்து எங்கோ பறந்துவிட்டது.

அப்புறம் ஒரு நல்ல மழை. மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்தேன், பெரிய தப்பு அதுதான். பிளேடுகளுக்கு நடுவே களி அப்பி ரோட்டர் (பிளேடுகள் மாட்டியிருக்கிற சுழல் தண்டு) அம்மிக் குழவி மாதிரி ஆகிவிட்டது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, நானும் விடாமல் பாதி நிலத்தை ஓட்டி முடித்தேன். ஒரு வாரத்தில் மேலே எல்லாம் செங்கல் கட்டி. தோண்டிப் பார்த்தால் நாலு விரற்கடை ஆழத்தில் மெழுகித் தேய்த்த தரை, தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கிறது. பிளேடு ஒரே ஆழத்தில் சுற்றிச் சுற்றி ஈரக் களியை அறைந்து தேய்த்தால் வேறென்ன ஆகும்.

சுழலும் பிளேடால் உழுகிற இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் ஆர்தர் ஹோவர்ட். 1912-ல் அப்பாவின் பண்ணையில், மண்ணை அமுக்காமல் உழ வேண்டும் என்றுதான் அவர் ஆரம்பித்தார். எல் வடிவ பிளேடும் அவர் யோசனையே. அவர் எதைத் தவிர்க்கப் பார்த்தாரோ அதை நான் கச்சிதமாகச் செய்து வைத்திருந்தேன்.

சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மிஷின் கெடக்கட்டும் தம்பி, மண்ணக் கையில எடுத்துப் பாத்தியா?" மேல் மண்ணை எடுக்கக் கூடாதாம், பிளேடு போகிற ஆழத்து மண்ணை எடுக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டினால் நூலாகத் திரிந்தால் வண்டியை மூடி வை. உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கே ஓட்டு. களியில் அந்தப் பதம் இரண்டு நாள் நின்றால் பெரிது.

கீழே இறுகிய தட்டை இந்த வண்டி உடைக்காது. டிராக்டரில் ஐந்து கலப்பை போட்டுக் கிழித்துவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு ஐந்தாம் நாள் பதம் பார்த்து டில்லரை இறக்கினேன். சின்ன கியரில் முதல் ஓட்டு இரண்டு விரற்கடை, இரண்டாவது குறுக்கே கொஞ்சம் ஆழமாக. மாவாக அரைக்க வேண்டாம், மழை விழுந்ததும் பொருக்குத் தட்டிவிடும். நெல்லிக்காய் அளவுக் கட்டி இருந்தால் போதும்.

இரண்டு தொல்லைகள் உண்டு. அறுகம்புல் ரோட்டரில் சுற்றிக்கொள்ளும், இஞ்சினை நிறுத்திவிட்டு அரிவாளால் அறுக்க வேண்டும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் மறுபடி முளைக்கும் என்பது தனி வயிற்றெரிச்சல். இன்னொன்று, வரப்பிலிருந்து சரிவில் இறங்கும்போது இடது பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி நேர்மாறாக வலப்பக்கம் திரும்பும். தெரியாமல் பிடித்து ஒரு கருவேல முள்வேலிக்குள் போய்த்தான் நின்றேன்.

இனி பத்து சென்ட் பாக்கி. சட்டைப் பையில் நாலு போல்ட் தயாராக இருக்கிறது. இன்று காலை எடுத்துப் பார்த்த மண் இன்னும் நூலாகத்தான் திரிகிறது, கிழக்கே கடல் பக்கம் வேறு கருக்கட்டிக்கொண்டு நிற்கிறது.