பன்னிரண்டு மணி மாத்திரை

ஜூன் 8

மூளையில் டோபமைனை, உடம்பின் அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தை, அளக்கும் எலக்ட்ரோடு செய்கிறோம். மின்விசிறியை நிறுத்தினால்தான் வேலை நடக்கும். கார்பன் இழையின் தடிமன் 7 மைக்ரோமீட்டர், மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடுகிறது. வெள்ளைத்தாளை விரித்து, கற்றையிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி இழுக்க வேண்டும். அப்புறம் புல்லரில், குழாயைச் சூடாக்கி இழுத்துக் கூராக்கும் கருவியில், மாட்டிச் சூடாக்கி, மைக்ராஸ்கோப்புக்கடியில் நுனியை பிளேடால் நறுக்க வேண்டும். அதற்குள் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாகமலைப் பக்கத்து வெயிலுக்கு இது தண்டனை. தேறியவை சொற்பம்.

ஜூன் 9

மணி பதினொன்றே கால். அப்பாவுக்கு இந்நேரம் பார்க்கின்சன் மருந்தின் வேகம் இறங்கியிருக்கும். அடுத்த மாத்திரை பன்னிரண்டுக்குத்தான்.

ஜூன் 11

பீக்கரில் டோபமைன் சிக்னல் பிரமாதமாக வருகிறது. இழையின் மின்னழுத்தத்தை மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வரை ஏற்றி இறக்க ஒன்பது மில்லிசெகண்ட்கூட ஆவதில்லை. நொடிக்குப் பத்து தடவை இதே ஏற்ற இறக்கம். 0.6 வோல்ட் பக்கத்தில் டோபமைன் தன் இரண்டு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது, திரையில் கூம்பு எழுகிறது.

அஸ்கார்பிக் அமிலத்தைக் கலந்ததும் எல்லாம் போச்சு. கூம்பை விழுங்கிக்கொண்டு ஒரு மேடு. வெறும் வைட்டமின் சி! மூளைக்குள் அது டோபமைனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கிடக்கிறது. இழைமேல் நாஃபியான் என்ற பாலிமரைப் பூசிவிட்டால் அதைத் தள்ளிவிடும். இரண்டுக்கும் எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று அண்டவிடாது. டோபமைன் நேர்மின்னேற்றம், அது உள்ளே வந்துவிடும். ஆனால் நாஃபியான் எங்கே? போன் போட்டால் "வந்துட்டே இருக்கு மேடம்" என்கிறார்கள். போன மாதமும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஜூன் 14

உசிலம்பட்டியிலிருந்து அத்தை வந்தார். கையில் பூனைக்காலி விதைப்பொடி. "அண்ணே, பால்ல கலந்து குடிங்க, நடுக்கம் நின்னுரும்." அப்பாவுக்கும் ஆசைதான். நான் குறுக்கே விழுந்து தடுத்ததில் அத்தைக்குக் கோபம். "படிச்ச பிள்ளைக்கு நம்ம மருந்துன்னா இளக்காரம்."

இளக்காரமே இல்லை. பூனைக்காலியில் லெவோடோபா இருக்கிறது, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் சரக்கு. அப்பா விழுங்கும் மாத்திரையிலும் அதேதான், கூடவே, அது வழியிலேயே வீணாகாமல் காக்கக் கொஞ்சம் கார்பிடோபா. அதனால்தான் பயம். மாத்திரையில் 100 மில்லிகிராம் என்றால் 100. ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு? அத்தைக்கும் தெரியாது, பொடி விற்றவருக்கும் தெரியாது. கூடிப்போனால் நடுக்கத்துக்குப் பதிலாக உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கும். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

இரவு தூக்கம் வரவில்லை. ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு, மூளையின் டோபமைனைக் காலிசெய்யும் ரிசர்பின் கொடுத்து அசையாமல் முடங்க வைத்தார். அப்புறம் டோபா ஊசி போட்டதும் அவை எழுந்து நடமாடின. டோபமைனுக்கும் அசைவுக்கும் உள்ள உறவு அப்படித்தான் வெளிவந்தது. 2000-இல் நோபல். முயலை முடக்கிய ரிசர்பின் நம்மூர் சர்ப்பகந்தியிலிருந்து எடுத்தது. எழுப்பியது பூனைக்காலியில் இருக்கும் சரக்கு. அத்தையிடம் சொன்னால் ஜெயித்தது தான்தான் என்பார். பொடி டப்பாவை அலமாரியில் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

ஜூன் 15

டப்பா இடம் மாறியிருக்கிறது. அம்மாவைக் கேட்டேன், பதில் இல்லை.

ஜூன் 19

தம்பி ஆசையாகக் கறிதோசை வாங்கி வந்தான். அப்பா ஒன்றரை தோசை சாப்பிட்டார், உடனே எட்டு மணி மாத்திரை. ஒன்பதரைக்குக்கூட மருந்து ஏறவில்லை. கறியின் புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்கு முட்டிமோதும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது! கத்திவிட்டேன். தம்பி முகம் சுருங்கிப்போனது.

ஜூன் 23

அப்பா பின்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டார். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். புதுமண்டபத்தில் முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால். அவரே சட்டைப்பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து நீட்டினார். தரையில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குக்கோடு போட்டேன். முதல் கோட்டைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார், கொல்லை வரை போய்விட்டார். கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால் மூளை வேறு பாதையில் காலை எடுத்து வைக்கிறது.

சட்டைப் பொத்தானை மட்டும் அம்மாதான் போட்டுவிடுகிறார். அப்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஜூன் 24

அம்மா இன்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது: "நடுக்கம் வர்றதுக்கு முன்னாடியே, மல்லிகைப்பூ வாசமே இல்லைன்னு உங்கப்பா பூக்காரிகிட்ட சண்டை போட்டாரு." மதுரை மல்லிக்கு வாசம் இல்லையாம்! இந்த நோயில் பலருக்கு முகரும் திறன் பல வருஷம் முன்பே குறைந்துவிடும். படித்திருக்கிறேன். பூக்காரியைத்தான் எல்லோரும் குறை சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 27

ஆனிக் காற்று. கரண்ட் போய்ப் போய் வருகிறது. சிக்னல் முழுக்க கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். கோழிவலை வாங்கி வந்து கூண்டு கட்டி எர்த் கொடுத்தோம், அடங்கியது. கைடு சார் சிரித்தார். டீ, வடை, அவர் செலவு.

ஜூலை 1

எலக்ட்ரோடைப் பற்றி அப்பா கேட்டார்: "இதை எனக்கு மாட்டிவிடுவியா தாயி?"

2011-இல் பார்க்கின்சன் அறுவை சிகிச்சையின்போதே மனித மூளைக்குள் இப்படி அளந்து காட்டியிருக்கிறார்கள் என்றேன். எங்களுடையது இன்னும் பீக்கரில்தான் இருக்கிறது, அதற்கப்புறம் எலி, அதற்கும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி, முதல்ல எலிக்கு அளவெடு. எனக்கு மெதுவாத் தைக்கலாம்."

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

ஜூலை 2

டோபமைன் கரைசல் பழுப்பாகிவிட்டது. புதிதாகக் கலக்க வேண்டும். அப்பாவுக்குப் பதினொன்றுக்கே மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று அம்மா போன். நேற்று பத்தே முக்கால்.

ஜூலை 3

நாஃபியான் வந்துவிட்டது! மாலைக்குள் பூசிக் காயவைத்தாயிற்று. அஸ்கார்பிக் அமிலத்தை ஊற்றினேன், மேடு பாதிக்கு மேல் படுத்துவிட்டது. நாளை காரைக்குடி செக்ரியில், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் ஆறு மணி பஸ். பன்னிரண்டு மணி மாத்திரையைப் பதினொன்றரைக்கே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போன் எடுக்கவில்லை, மறுபடி