புது பேஸ்மேக்கரோடு மறுபடியும் நீச்சல்: 9 வாரக் கணக்கு

"பேட்டரி மாற்றியாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதயத் துடிப்பைச் சீராக வைக்க மார்பில் பொருத்தும் பேஸ்மேக்கரில் பேட்டரியை மட்டும் கழற்றி மாட்ட முடியாது. டைட்டானியம் உறைக்குள் அடைத்து மூடியிருப்பதால் கருவியையே மாற்றுகிறார்கள். இதயத்துக்குள் போகும் ஒயர்களைச் சோதித்து, நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். என்னுடைய 2 ஒயர்களும் 10 வருடம் கழித்தும் நன்றாகவே இருந்தன.

முதல் தடவை, ஒயர் நகர்ந்துவிடக் கூடாதென்று 6 வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க விடவில்லை. இந்தத் தடவை அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் மாற்று ஆபரேஷனில்தான் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். தையல் போட்ட இடம் முழுக்க ஆறும்வரை குளத்துப் பக்கமே போகக் கூடாது. 5ஆவது வாரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, இறங்குங்க" என்றார்.

வேளச்சேரி குளம், 50 மீட்டர் நீளம். பாதுகாப்புக்கு நிற்பவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு இறங்கினேன். கைக்குச் சிரமம் வேண்டாமென்று கிக் போர்டை, அதாவது மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தேன். 30 மீட்டர்கூடத் தாண்டவில்லை, மூச்சு இரைத்தது. பயந்துபோய் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளும் அதே கதை. ஆனால் தவளை நீச்சல் அடித்தால் அவ்வளவு இரைக்கவில்லை. சின்ன வயதில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றில் பழகியது அது, உடம்பு மறக்கவே இல்லை.

காரணம் 7ஆவது வாரப் பரிசோதனையில் புரிந்தது. உழைப்புக்கேற்ப வேகத்தைக் கூட்ட என் இதயத்துக்குத் தெரியாது. அதைக் கருவியில் இருக்கும் அசைவு சென்சர்தான் செய்கிறது. மார்பு அசைந்தால் துடிப்பைக் கூட்டும். கிக் போர்டில் கால் என்னதான் அடித்தாலும் மார்பு பலகைமேல் அசையாமல் கிடக்கிறது! நான் சும்மா படுத்திருப்பதாகத்தான் கருவி நினைத்திருக்கிறது. பதிவில் துடிப்பு 75ஐத் தாண்டியதே அபூர்வம். பழைய கருவியை என் நீச்சலுக்கேற்ப எப்போதோ சரிசெய்திருந்தார்கள். புதியது பொதுவான அமைப்பிலேயே இருந்தது. நீந்துவேன் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டெக்னீஷியன் சென்சரைக் கொஞ்சம் கூர்மையாக்கிவிட்டு, கையை வீசி வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். இதே கருவி வைத்திருந்து நீந்தப் போகிறவர்கள், எந்த நீச்சல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8ஆவது வாரம் ஃப்ரீஸ்டைல். இப்போது மூச்சு ஒத்துழைத்தது, தோள் ஒத்துழைக்கவில்லை. "சார், இடது கை பாதியிலேயே விழுது" என்றார் கோச். வலி ஒன்றும் இல்லை. இத்தனை வாரம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழக்கம்தான். தினமும் சுவரில் விரல்களை மேலே நகர்த்தும் பயிற்சி செய்தேன்.

நேற்று நின்று நின்று 8 நீளம், 400 மீட்டர். கடைசி நீளத்தில் இடது கை முழுதாக நீண்டு தண்ணீரைப் பிடித்தது. அந்தச் சந்தோஷத்தை வீட்டில் 3 தடவை சொல்லிவிட்டேன். மல்லாந்து நீச்சலுக்குக் கையைப் பின்னால் சுழற்றும்போது மட்டும் காறை எலும்பருகே ஒரு பிடிப்பு. ஒயர் அந்த வழியாகத்தான் போகிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவேன்.